பச்சை லேசர் பாயிண்டரில் பேட்டரி லூஸ் கான்டாக்ட்: மூன்று முறை அலைந்தும் தீராத புகார்

வாடிக்கையாளர் சேவைப் பிரிவுக்கு,

வணக்கம். இது நான் அனுப்பும் நான்காவது மெயில். முதல் மூன்றுக்கும் "உங்கள் புகார் பதிவு செய்யப்பட்டது" என்று ஒரே பதில்தான் வந்தது, அதனால் இந்தத் தடவை நீளமாகவே எழுதுகிறேன், தயவுசெய்து யாராவது ஒருவர் கடைசி வரை படியுங்கள்.

நான் கடலூரில் இயற்பியல் ஆசிரியை. பிள்ளைகளை சில்வர் பீச்சுக்கு அழைத்துப் போய் நட்சத்திரம் காட்டத்தான் செப்டம்பரில் 1,450 ரூபாய் கொடுத்து இந்த லேசர் பாயிண்டரை வாங்கினேன், இரண்டு டிரிபிள் ஏ பேட்டரி போடும் மாடல். ஒரே மாதத்தில் தொல்லை ஆரம்பித்துவிட்டது. பட்டனை அமுக்கினால் எரியும், கையைச் சாய்த்தால் அணையும், தட்டினால் மறுபடி வரும்.

பேட்டரி மேல் பழி போடாதீர்கள். புது பேட்டரி, மல்டிமீட்டரில் இரண்டும் சேர்ந்து 3.1 வோல்ட் காட்டியது. ரப்பரால் தேய்த்து ஸ்பிரிங் முனையையும் மூடியின் மரையையும் சுத்தம் செய்து பார்த்தேன். கடைசியில் மூடியைக் கழற்றிவிட்டு பேட்டரியின் அடிக்கும் குழாயின் விளிம்புக்கும் நடுவே ஒரு துண்டு செப்புக் கம்பியை அழுத்திப் பிடித்தால் வெளிச்சம் துளிகூட ஆடவில்லை. அப்படியானால் கோளாறு மூடியில்தான். அந்த ஸ்பிரிங் பொருந்தும் இடம் உங்களுக்குத் தெரியாததா? விரல் நுனியால் தொட்டாலே ஸ்பிரிங் தன் இடத்தில் சுற்றுகிறது. திருப்பாப்புலியூரில் செல்போன் சரிபார்க்கும் தம்பி அதைப் பார்த்துவிட்டு, "அஞ்சு நிமிஷ வேலை மிஸ், ஆனா நான் கை வெச்சா வாரண்டி போயிடும்" என்று திருப்பிக் கொடுத்துவிட்டான். அவனுக்கு இருக்கும் பொறுப்பு உங்களுக்கு இல்லை.

புதுச்சேரி சர்வீஸ் சென்டரில் முதல் தடவை வாங்கி வைத்துக்கொண்டு சென்னைக்கு அனுப்புவதாகச் சொன்னார்கள். போனில் கேட்டபோது "ஒண்ணாம் தேதி வந்து வாங்கிக்கோங்க" என்றார்கள். நவம்பர் 1 புதுச்சேரிக்கு விடுதலை நாள், ஊரே விடுமுறை! எங்களுக்கு அது வேலை நாள், நான் விடுப்புப் போட்டுவிட்டு மழையில் பஸ் ஏறி, ரெட்டிச்சாவடி, கிருமாம்பாக்கம், தவளக்குப்பம் என்று நின்று நின்று போய், இழுத்துச் சாத்திய ஷட்டரைப் பார்த்துவிட்டு வந்தேன். அந்தத் தேதியைச் சொன்னவருக்குத் தன் சர்வீஸ் சென்டர் எந்த ஊரில் இருக்கிறது என்றாவது தெரியுமா?

மூன்றாவது தடவை போனபோது "பழுது இல்லை" என்று ஒரு சீட்டோடு பொருள் வந்திருந்தது. கவுன்டரில் இருந்தவர் இரண்டு விநாடி பட்டனை அமுக்கி, "எரியுதேம்மா" என்றார். சாய்த்துப் பாருங்கள் என்றேன். அவர் சாய்க்கவில்லை. "டார்ச் மாதிரிதாம்மா, தட்டுனா எரியும், ஆயிரத்தி ஐநூறு ரூபா பொருளுக்கு இவ்வளவு பேசுறீங்களே" என்றார், பின்னால் நின்றவர்கள் எல்லாம் கேட்கும்படி. இருபத்தியிரண்டு வருடம் வகுப்பெடுத்தவள் நான், என்னிடம் யாரும் இப்படிப் பேசியதில்லை.

டார்ச்சும் லேசரும் ஒன்றா? டார்ச் திடீரென்று எரிந்தால் கண் கூசும், அவ்வளவுதான். லேசர் கற்றை அதிகம் விரியாமல் அப்படியே கண்ணுக்குள் போய் விழித்திரையில் ஒரு புள்ளியாகக் குவியும். ஜனவரியில் மழை விட்டபிறகு ஒரு அமாவாசை ராத்திரி, மணலில் நாற்பது பிள்ளைகள். கார்த்திகை நட்சத்திரக் கூட்டத்தைக் காட்டிவிட்டு ரோகிணிக்கு வரும்போது பச்சைக் கோடு பாதியில் செத்துவிட்டது. ஆறாம் வகுப்புப் பையன் ஒருவன் அதைக் கையில் வாங்கி, குலுக்கி, பட்டனை அமுக்கிக்கொண்டே முன்பக்க ஓட்டையைக் கண்ணருகே கொண்டுபோய் "உள்ள ஒண்ணுமே வரல மிஸ்" என்றான். பாய்ந்து பிடுங்கினேன். பிடுங்கிய வேகத்திலேயே எரிந்தது, அவன் சட்டைப் பட்டன் மேல் பச்சையாக. அன்றைக்கு முழுக்க எனக்குக் கை நடுக்கம் நிற்கவில்லை. திருவாதிரையைக் காட்டாமலே எல்லோரையும் வீட்டுக்கு அனுப்பினேன். அந்தப் பிள்ளைகளுக்கு ஒரு வருடமே வீணாகிவிட்டது, இனி எந்தப் பெற்றோர் என்னை நம்பிப் பிள்ளையை ராத்திரியில் அனுப்புவார்கள்?

உங்கள் மேல் எனக்கு விரோதம் இல்லை. பொருள் எரியும்போது அருமையாகத்தான் எரிகிறது, அதனால்தான் இத்தனை தடவை அலைந்தேன். ஆனால் 15 நாளில் சரியான பதில் வராவிட்டால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-க்குப் போன் செய்வேன், அப்புறம் மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்கும் போவேன். நான் குடியிருக்கும் கடலூரிலேயே வழக்குப் போட 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தில் இடம் இருக்கிறது, இந்தத் தொகைக்கு மனுக் கட்டணமும் கிடையாது. பஸ் டிக்கெட், பில், அந்தப் "பழுது இல்லை" சீட்டு எல்லாம் பத்திரமாக வைத்திருக்கிறேன். கவுன்டரில் பேசியவர் என்னிடம் வருத்தம் தெரிவிக்க வேண்டும், இதையும் எழுதிக்கொள்ளுங்கள்.

பணம் திரும்ப வேண்டும் என்றுகூட நான் கேட்கவில்லை. ஸ்பிரிங் ஆடாத ஒரு புது மூடியை கூரியரில் அனுப்புங்கள், நானே திருகிக்கொள்கிறேன். மறுபடி என்னைப் புதுச்சேரிக்கு மட்டும் வரச் சொல்லாதீர்கள்.

இப்படிக்கு,
மஞ்சக்குப்பத்திலிருந்து உங்கள் வாடிக்கையாளர்