பொது விளக்குகளை எல்இடிக்கு மாற்ற நன்கொடை வேண்டுகிறோம்

அன்புள்ள குடியிருப்பு உறவுகளுக்கு,

மாடிப்படி, வண்டி நிறுத்துமிடம், நடைபாதை, வாசிப்பறை என நம் பொது இடங்களில் எரியும் பழைய டியூப்லைட்டுகள் அத்தனையையும் எல்இடிக்கு மாற்றப் போகிறோம். அதற்கு உங்கள் உதவி வேண்டும்.

36 வாட் டியூப்லைட் என்று சொல்கிறோமே தவிர, பழைய சோக் தன் பங்குக்கு 10 வாட் அளவுக்குச் சூடாகவே வீணாக்குகிறது. ஆக 46 வாட். அதே வேலையை 20 வாட் எல்இடி பார்த்துவிடும். வண்டி நிறுத்துமிடத்தில் இரவு 12 மணி நேரம் எரியும் 50 விளக்குகளை மட்டும் மாற்றினாலே, மாதம் 468 யூனிட் மிச்சம். நாம் எல்லோரும் கட்டும் பராமரிப்புத் தொகையிலிருந்துதான் அந்தக் கட்டணம் போகிறது.

சரி, மலிவான எல்இடியாக வாங்கி மாட்டினால் பராமரிப்பு நிதியே போதுமே, நன்கொடை எதற்கு என்று கூட்டத்தில் கேட்டார்கள். நியாயமான கேள்வி.

எல்இடியின் உயிர் அதன் டிரைவரில், அதாவது மின்சாரத்தை அதற்கு ஏற்றபடி மாற்றித் தரும் சர்க்யூட்டில் இருக்கிறது. மட்டமான டிரைவர், மின் அலையின் உச்சியில் மட்டும் கரண்டை வெடுக்கென்று இழுக்கும். பவர் ஃபேக்டர், அதாவது கொடுக்கும் மின்சாரத்தில் உண்மையில் வேலைக்குப் பயன்படும் பங்கு, 0.5 வரை இறங்கிவிடும். அப்போது 20 வாட் விளக்குக்கு 40 வோல்ட்-ஆம்பியர் (ஜெனரேட்டரின் சுமையை அளக்கும் அலகு) கொடுத்தாக வேண்டும். யூனிட் கணக்கில் இது தெரியாது. கரண்ட் போனதும் ஓடும் ஜெனரேட்டர்தான் அந்தச் சுமையைத் தாங்கும். பவர் ஃபேக்டர் 0.9 உள்ள விளக்குக்கு 22 போதும்.

எங்களை அதிகம் யோசிக்க வைத்தது ஹார்மோனிக்ஸ். டிரைவர் அப்படி வெடுக்கென்று இழுப்பதால், வழக்கமான மின் அலையைவிடப் பல மடங்கு வேகத்தில் துடிக்கும் கூடுதல் கரண்ட் இது. மூன்று பேஸிலும் (மின்சாரம் வரும் மூன்று வயர்களிலும்) லோடைச் சமமாகப் பிரித்தால் நியூட்ரலில் (கரண்ட் திரும்பிப் போகும் பொது வயரில்) கரண்ட் அநேகமாக இருக்காது என்பது வழக்கமான கணக்கு. மும்மடங்கு வேகத்தில் துடிக்கும் மூன்றாவது ஹார்மோனிக் அந்தக் கணக்குக்குள் அடங்காது. மூன்று பேஸிலிருந்தும் வந்து நியூட்ரலில் ஒன்றுசேரும். எல்இடி எடுக்கும் கரண்டே குறைவு என்பதால் வயர் பெரும்பாலும் தாங்கிவிடும் என்பது உண்மைதான். ஆனால் பழைய போர்டில் நியூட்ரல் இணைப்பு தளர்ந்திருந்தால் அந்த இடம் சூடாகும். நியூட்ரல் விட்டுப்போனால் வோல்டேஜ் தாறுமாறாக ஏறி, வீட்டுச் சாமான்கள் கருகவும் வாய்ப்புண்டு. வீட்டில் குழந்தைகளும் பெரியவர்களும் இருக்கும்போது இதில் சிக்கனம் பார்க்க எங்களுக்கு மனம் வரவில்லை.

அதனால் பவர் ஃபேக்டர் 0.9க்கு மேல் உள்ள, ஹார்மோனிக்ஸ் குறைந்த, சர்ஜ் (திடீர் வோல்டேஜ் ஏற்றம்) பாதுகாப்புள்ள விளக்குகளையே வாங்குகிறோம். வாசிப்பறைக்கு மினுக்காத டிரைவர் கட்டாயம். கூடவே எல்லா போர்டுகளிலும் நியூட்ரல் இணைப்பைச் சோதித்து இறுக்கும் வேலையும் உண்டு.

ஒரு வேண்டுகோள்: விளக்காக வாங்கித் தர வேண்டாம், பணமாகத் தாருங்கள். பல தரங்கள் கலந்துவிட்டால் சோதித்து வாங்குவதில் பயனில்லை. ஒரு விளக்கின் செலவோ ஒரு தளத்தின் செலவோ, முடிந்ததை ஏற்றுக்கொள்ளலாம். இந்த மாதம் கொடுக்க வசதிப்படாதவர்கள் வருந்த வேண்டாம். கழற்றி மாட்டும் நாளில் கைகொடுத்தாலே பெரிய உதவி. அப்புறம், கழற்றிய டியூப்களில் பாதரசம் இருக்கிறது. உடைக்காமல் பெட்டியில் வைத்து, மின்கழிவு எடுப்பவர்களிடம் ஒப்படைப்போம்.

குழு அலுவலகத்தில் மாலை வேளைகளில் பணம் கட்டி ரசீது பெற்றுக்கொள்ளலாம். வரவு செலவும், மாற்றுவதற்கு முன்னும் பின்னும் வந்த மின் கட்டணமும் அறிவிப்புப் பலகையில் மாதந்தோறும் ஒட்டப்படும்.

அன்புடன்,
பொது விளக்குச் சீரமைப்புக் குழு