பாரனை நான் இன்னும் மன்னிக்கவில்லை

ஆசிரியருக்கு வணக்கம்.

வீடியோ கேம்களில் நல்லவன், கெட்டவன், துப்பாக்கி இவற்றைத் தவிரக் கதை என்று ஒன்றும் கிடையாது என்ற பொருளில் சென்ற வாரம் ஒரு கட்டுரை வெளியிட்டிருந்தீர்கள். அதை மறுக்கவே எழுதுகிறேன்.

குடும்ப நீதிமன்றத்தில் 31 ஆண்டுகள் சுருக்கெழுத்தராக இருந்தவள் நான். கணவன் சொன்னதையும் மனைவி சொன்னதையும் ஒரே நோட்டில் எழுதியிருக்கிறேன். ஒரு நாள் வராந்தாவில் ஒருவர் தன் மகளுக்குப் பொறுமையாகத் தலைவாரிப் பின்னிவிட்டுக்கொண்டிருந்தார். அரை மணி நேரம் கழித்து, அவர் மனைவியின் மணிக்கட்டு எப்படி உடைந்தது என்பதை எழுதினேன். இரண்டையும் செய்தது அதே கைகள்தான்.

ஓய்வுக்குப் பிறகு மகன் பழக்கிவிட்டதில் ரோல் பிளேயிங் கேம்கள், அதாவது கதையில் ஒரு பாத்திரமாகவே நாம் நடமாடும் கேம்கள், ஆடுகிறேன். போலந்தின் சிடி புராஜெக்ட் ரெட் நிறுவனம் 2015இல் வெளியிட்ட 'தி விட்சர் 3' கேமில், அந்தக் கைகளை மறுபடியும் பார்த்தேன்.

அதில் பிளடி பாரன் என்றொரு படைத்தலைவன் வருகிறான். அரக்கர்களை வேட்டையாடும் வீரனாக ஆடும் நாம் தேடிப்போகும் சிரி என்ற பெண்ணுக்கு அடைக்கலம் கொடுத்தவன். அவன் அதைச் சொல்லச் சொல்ல, அந்தப் பகுதியை நாம் சிரியாகவே ஆடுகிறோம். அவனுடைய அன்பை நாமே அனுபவித்துவிடுகிறோம். காணாமல் போன தன் மனைவியையும் மகளையும் கண்டுபிடித்துத் தந்தால்தான் மீதியைச் சொல்வேன் என்கிறான். நன்றிக்கடனோடு அவன் வீட்டைச் சோதிக்கிறோம். சுவரில் இடம் மாற்றி மாட்டிய ஓவியம், கொட்டிய ஒயினின் வாடை. அவர்களை யாரும் கடத்தவில்லை, இவனுக்குப் பயந்து ஓடியிருக்கிறார்கள். குடித்துவிட்டு அவன் அடித்ததில் மனைவியின் கரு கலைந்திருக்கிறது.

பெயர்கூட வைக்காமல் புதைத்த அந்தச் சிசு பேயாக எழுந்து வருகிறது. அதை வெட்டிப் போடலாம். அல்லது, பெற்றவனே அதை ஏந்திக்கொண்டு வீட்டு வாசல்வரை நடக்கச் செய்யலாம். நான் நடக்கச் செய்தேன். அவசரப்படுத்த முடியாது, அவன் நடைக்கு நாமும் நடக்க வேண்டும். கையில் அது சீறும்போதெல்லாம் மந்திரத்தால் அடக்க வேண்டும். வாசற்படிக்கடியில் புதைத்து, டியா என்று பெயர் சொல்லி அவன் மன்னிப்புக் கேட்டபோது கன்ட்ரோலரைக் கீழே வைத்துவிட்டேன். அவன்மேல் எனக்கு இரக்கம் வந்தது. மகள் டமாரா அவனிடம் திரும்பி வர மறுக்கிறாள். அவள் மறுத்ததும் எனக்குச் சரியாகத்தான் பட்டது.

பாதி நல்லது, பாதி கெட்டது என்று கலந்துவிட்டால் இப்படி ஒரு பாத்திரம் வந்துவிடாது. எதை முதலில் தெரியவிடுகிறார்கள், எதை மறைத்துவைக்கிறார்கள் என்பதில்தான் எழுதியவரின் திறமை இருக்கிறது. அடித்தவன் என்று முதலிலேயே சொல்லியிருந்தால் அவன் முகத்தைக்கூட ஏறெடுத்துப் பார்த்திருக்க மாட்டேன்.

முடிவும் நம் கையில் முழுதாக இல்லை. மரத்தடியில் அடைபட்ட ஓர் ஆவியை விடுவித்தால் பாரனின் மனைவி பார்த்துக்கொள்ளும் அநாதைக் குழந்தைகள் பிழைக்கிறார்கள், ஆனால் அவள் இறந்து பாரனும் தூக்கில் தொங்குகிறான். அந்த ஆவியைக் கொன்றால் குழந்தைகள் போய்விடுகிறார்கள். மனைவி புத்தி பேதலித்த நிலையில் உயிரோடிருக்கிறாள், அவளைக் குணப்படுத்த அவன் அழைத்துப் போகிறான். நாம் செய்ததன் பலன் வெகுநேரம் கழித்தே தெரிவதால், சேவ் செய்த இடத்துக்குத் திரும்பிப் போகவும் மனம் வருவதில்லை.

எல்லா கேமும் இப்படி என்று சொல்லவில்லை. 2007இல் வந்த 'மாஸ் எஃபெக்ட்' எனக்குப் பிடித்ததுதான். ஆனால் அதில் நல்ல பேச்சு நீல நிறத்தில், முரட்டுப் பேச்சு சிவப்பில் வரும், இரண்டுக்கும் புள்ளிகள் உண்டு. கொஞ்ச நேரத்தில் மனசாட்சியை விட்டுவிட்டு நிறத்தைப் பார்த்து அழுத்த ஆரம்பித்துவிட்டேன். 1985இலேயே வந்த 'அல்டிமா 4' இதை இன்னும் நுட்பமாகச் செய்திருக்கிறது. பார்வையற்ற ஒரு பெண்ணிடம் மூலிகை வாங்கிவிட்டு நாமே காசை எண்ணிக் கொடுக்க வேண்டும். குறைத்துக் கொடுத்தாலும் பொருளைத் தந்துவிடுவாள். கேம் மட்டும் நம் நேர்மைக் கணக்கில் சத்தமில்லாமல் கழித்துக்கொள்ளும்.

'விட்சர்' பெரியவர்களுக்கான கேம், பிள்ளைகளிடம் கொடுக்கக் கூடாது. அந்த எச்சரிக்கையைத் தாங்கள் எவ்வளவு பெரிய எழுத்தில் போட்டாலும் வரவேற்பேன்.

ஒரே ஒரு வேண்டுகோள். அடுத்த முறை கேம் பற்றி எழுதுபவர், ஒரு கதையையாவது கடைசிவரை ஆடிவிட்டு எழுதட்டும். அந்தச் சிசுவை அவர் என்ன செய்தார் என்பதையும் எழுதினால், நான் முதல் ஆளாகப் படிப்பேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற நீதிமன்றச் சுருக்கெழுத்தர்