ஹார்ப்பர் நூலகத்தின் அடித்தளத்தில் இருந்த குறுந்தொகை

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

பிள்ளைகளைப் பார்க்க அமெரிக்கா போகும் பெற்றோருக்கு என்று உங்கள் நாளிதழில் அவ்வப்போது யோசனைகள் வருகின்றன. மருந்துச் சீட்டை மறக்காதீர்கள், காப்பீடு எடுத்துக்கொள்ளுங்கள், குளிருக்கு என்ன உடுத்துவது, இப்படி. எல்லாம் வேண்டியதுதான். ஆனால் போய் இறங்கியபிறகு அந்த ஐந்தாறு மாதத்தை எப்படிக் கழிப்பது என்று யாருமே சொல்வதில்லை. மகளும் மருமகனும் வேலைக்குப் போய்விடுவார்கள், பேரப்பிள்ளை பள்ளிக்கூடம் போய்விடும், நாம் ஜன்னல் பக்கத்தில் உட்கார்ந்து தெருவைப் பார்த்துக்கொண்டிருப்போம். சிகாகோ பக்கம் பிள்ளைகள் இருக்கிறவர்களுக்கு மட்டுமாவது ஒன்று சொல்லலாம் என்றுதான் இந்தக் கடிதம். சிகாகோ பல்கலைக்கழக வளாகத்தை ஒருநாள் தனியாக, உங்கள் கால் போகிற வேகத்தில் நடந்து பாருங்கள்.

நான் முதலில் அதைப் பார்த்தது ஒரு சுற்றுலாப் பேருந்திலிருந்து. வண்டி கொஞ்சம் மெதுவானது, சாம்பல் நிறத்தில் கோட்டை மாதிரி சில கட்டடங்கள், "இது யுனிவர்சிட்டி, நோபல் பரிசு வாங்கினவர்கள் நிறையப் பேர்" என்று ஒலிபெருக்கியில் ஒரு வரி, அவ்வளவுதான், வண்டி கிளம்பிவிட்டது. பணம் கட்டி ஏறிய எனக்கு அழுகையே வந்தது. ஏனென்றால் அந்த இடத்தைப் பற்றி எனக்கு ஒரு விஷயம் தெரியும், அதற்காகவே அங்கே இறங்க வேண்டும் என்று இருந்தேன். ஒரு மாதம் கழித்து, ஒரு தாளில் நிறுத்தங்களை எழுதிக்கொண்டு, ரயில் ஏறித் தனியாகப் போனேன். மகள் பயந்தாள். பயப்பட ஒன்றுமே இல்லை.

நகர மையத்திலிருந்து தெற்கே சுமார் 11 கிலோமீட்டர். மெட்ரா எலக்ட்ரிக் ரயிலில் 59ஆம் தெரு நிலையத்தில் இறங்கி மேற்கே திரும்பினால், எதிரே ஏறக்குறைய ஒரு மைல் நீளத்துக்கு நேராக ஓடும் புல்வெளி. இதன் பெயர் மிட்வே. 1893இல் உலகப் பொருட்காட்சி நடந்தபோது கேளிக்கைப் பகுதி இங்கேதான் இருந்தது. உலகின் முதல் ஃபெர்ரிஸ் ராட்டினம், 264 அடி உயரம், 36 பெட்டிகள், பெட்டிக்கு 60 பேர், இந்த மிட்வேயில்தான் சுற்றியது. நம் ஆட்களுக்கு 1893 என்றதும் விவேகானந்தர்தான் ஞாபகம் வருவார். அதே பொருட்காட்சியை ஒட்டித்தான் அந்தச் சர்வமத மாநாடும் நடந்தது, ஆனால் அவர் பேசிய கட்டடம் இங்கே இல்லை, நகர மையத்தில் இருக்கிறது, இப்போது ஓவிய அருங்காட்சியகம். பலர் இதைக் குழப்பிக்கொண்டு வளாகத்தில் வந்து தேடுவதாகக் கேள்விப்பட்டேன்.

புல்வெளி ஓரமாகவே 59ஆம் தெருவில் நடந்தால் முதலில் வருவது ராக்ஃபெல்லர் நினைவு ஆலயம், 1928இல் கட்டியது, கோபுரத்துக்குள் 72 மணிகள். அங்கிருந்து வடக்கே ஒரு தெரு தள்ளி, கட்டடக் கலைஞர் ஃபிராங்க் லாய்டு ரைட் கட்டிய ரோபி வீடு. உள்ளே போக டிக்கெட் வேண்டும், நான் வெளியிலிருந்துதான் பார்த்தேன், அதுவே போதுமானதாக இருந்தது. செங்கல் ஒவ்வொன்றும் மெலிசாக, நீளமாக இருக்கிறது. கிட்டே போய்ப் பாருங்கள்: செங்கற்களுக்கு இடையே படுக்கைவாட்டில் உள்ள பூச்சு வெளிர் நிறம், செங்குத்தாக உள்ள பூச்சுக்குச் செங்கல் நிறத்தையே கொடுத்து மறைத்திருக்கிறார்கள், அதனால்தான் சுவர் முழுக்க வெறும் படுக்கைக் கோடுகளாகத் தெரிந்து, வீடே நிலத்தோடு நீட்டிப் படுத்திருப்பதுபோல் இருக்கிறது. 1957இல் இதை இடிக்கப் பார்த்தார்கள், அப்போது 90 வயதை எட்டிக்கொண்டிருந்த ரைட் நேரில் வந்து எதிர்ப்புத் தெரிவித்தார். பேருந்தில் போயிருந்தால் இந்தப் பூச்சு கண்ணிலேயே பட்டிருக்காது.

மறுபடி 59ஆம் தெருவுக்கே வந்து மேற்கே போனால் ஃபாஸ்டர் ஹால். தெற்காசிய மொழிகளுக்கான துறை இருப்பது இங்கேதான். அதற்கு ஒரு கட்டடம் தள்ளி ஹார்ப்பர் நூலகம். 1912இல் திறந்தது, இரண்டு பக்கமும் கோபுரம். நான் வந்தது இதற்காகத்தான்.

கவிஞரும் மொழிபெயர்ப்பாளருமான ஏ.கே. ராமானுஜன் மைசூரில் பிறந்து வளர்ந்தவர், வீட்டில் தமிழ், வெளியே கன்னடம், மாடியில் அப்பாவோடு ஆங்கிலம். பழந்தமிழ் அவர் முறையாகப் படித்ததில்லை. 1962இல் இந்தப் பல்கலைக்கழகத்துக்கு வந்த புதிதில் ஒரு சனிக்கிழமை, பழந்தமிழுக்கு ஓர் எளிய இலக்கணப் புத்தகம் கிடைக்குமா என்று ஹார்ப்பர் நூலகத்தின் அடித்தளத்தில் புத்தக அடுக்குகளுக்கு நடுவே தேடிக்கொண்டிருந்தாராம். தேடிப் போனது ஒன்று, கையில் அகப்பட்டது வேறு ஒன்று: உ.வே. சாமிநாதையர் 1937இல் பதிப்பித்த குறுந்தொகை. இதை அவரே எழுதி வைத்திருக்கிறார். அங்கே தொடங்கியதுதான், ஐந்து வருஷம் கழித்து, 1967இல், சங்க அகப்பாடல்களின் ஆங்கில மொழிபெயர்ப்பாக வந்து உலகம் முழுக்கப் போனது. செம்மண்ணில் பெய்த மழைநீரைப் போல நெஞ்சங்கள் கலந்தன என்ற பாட்டை இன்று தமிழே தெரியாதவர்கள் கல்யாணங்களில் வாசிக்கிறார்கள் என்றால் அதற்குப் பின்னால் இந்த நிலவறை இருக்கிறது.

யோசித்துப் பாருங்கள். ஏடு தேடி ஊர் ஊராக அலைந்து, செல் அரித்த ஓலையைக் கண்ணில் ஒற்றிக்கொண்டு படித்து, அச்சுக்கூடத்துக்கும் வீட்டுக்குமாக நடந்து ஐயர் கொண்டுவந்த புத்தகம். அது கடல் கடந்து, மிச்சிகன் ஏரிக்காற்று அடிக்கும் ஊரில் ஒரு கட்டடத்தின் அடியில், எடுப்பார் இல்லாமல் காத்துக்கொண்டிருந்திருக்கிறது. உ.வே.சா. 1942இல் காலமாகிவிட்டார். அதற்கு 20 வருஷம் கழித்து ராமானுஜனின் கை அதைத் தொடுகிறது.

நான் உள்ளே போகவில்லை. இப்போது அது மாணவர்கள் படிக்கும் கூடம், 1970இல் ரீகன்ஸ்டைன் நூலகம் வந்தபிறகு ஆராய்ச்சிப் புத்தகங்களுக்கு அதுவே முக்கிய இடமாகிவிட்டது, பரீட்சைக்குப் படிக்கிற பிள்ளைகளைத் தொந்தரவு செய்ய மனம் வரவில்லை. வெளிப்படிக்கட்டில் உட்கார்ந்தேன். கைப்பேசியில் குறுந்தொகை இருந்தது, நாற்பதாம் பாட்டை எடுத்து வாய்விட்டே படித்தேன். பக்கத்தில் ஒரு பையன் ரொட்டியைக் கடித்தபடி திரும்பிப் பார்த்தான், சிரித்தான், மறுபடி மடிக்கணினிக்குள் போய்விட்டான். அரைமணி நேரமாவது உட்கார்ந்திருப்பேன். எந்த வழிகாட்டி எனக்கு அந்த அரைமணி நேரத்தைக் கொடுத்திருப்பார்?

அப்புறம் உள்முற்றத்துக்குப் போனேன். சுற்றிலும் எல்லாக் கட்டடமும் இண்டியானா மாநிலத்துச் சுண்ணாம்புக்கல். பார்க்க நானூறு ஐந்நூறு வருஷத்துப் பழமை மாதிரி இருக்கும், ஆனால் முதல் வகுப்பு நடந்ததே 1892 அக்டோபரில்தான். ஆக்ஸ்ஃபோர்டு மாதிரி இருக்க வேண்டும் என்று அப்படிக் கட்டியிருக்கிறார்கள். ஆனால் கல் உண்மையிலேயே பழசு. முகத்தை ஒட்டி வைத்துப் பார்த்தால், ரவை ரவையாக, சின்னஞ்சிறு கடல் உயிர்களின் ஓட்டுத் துணுக்குகள் தெரியும். முப்பது கோடி வருஷத்துக்கும் முன்னே அங்கே கடல் இருந்ததன் மிச்சம். கோப் வாசல் என்று வடக்குப் பக்கம் ஒரு நுழைவாயில், அதன் சரிவில் வினோத மிருகங்கள் ஏறுவதுபோலச் செதுக்கியிருக்கிறார்கள். கீழே இருப்பது முதல் வருஷ மாணவன், உச்சியில் இருப்பது கடைசி வருஷம் என்று பிள்ளைகள் கதை சொல்கிறார்கள்.

அந்த வாசல் வழியாக வெளியே வந்து, 57ஆம் தெருவில் மேற்கே நடந்து எல்லிஸ் அவென்யூவில் வடக்கே திரும்பினால் ஹென்றி மூர் செய்த வெண்கலச் சிற்பம் இருக்கிறது. 12 அடி உயரம். மேலே வழுவழுவென்று ஒரு மண்டை, கீழே கோவில் மண்டபத் தூண்கள் மாதிரி வளைவுகள். தூரத்திலிருந்து பார்த்தால் காளான் மேகம், கிட்டே வந்தால் மண்டையோடு. 1942 டிசம்பர் 2ஆம் தேதி பிற்பகல் 3.25க்கு இயற்பியல் விஞ்ஞானி என்ரிகோ ஃபெர்மியும் கூட்டாளிகளும் மனிதன் கட்டுப்படுத்திய முதல் அணுத் தொடர்வினையை இதே இடத்தில் நடத்தினார்கள், அப்போது இங்கே இருந்தது ஒரு விளையாட்டு மைதானம், பார்வையாளர் மேடைக்கு அடியில் ஒரு பந்தாட்டக் கூடம், அதற்குள் கிராஃபைட் கட்டிகளை அடுக்கி வைத்துச் செய்தார்கள். சுற்றிலும் குடியிருப்புகள் உள்ள ஊருக்கு நடுவே! அன்றைக்கு வந்த திறன் அரை வாட், ஒரு சின்ன பல்பைக்கூட எரிக்காது. முடிந்ததும் காகிதக் குவளைகளில் ஒயின் ஊற்றிக் குடித்தார்கள். இரண்டு வருஷம் எட்டு மாதத்தில் ஹிரோஷிமா.

இங்கே எனக்கு ஒரு வருத்தம் உண்டு, சொல்லிவிடுகிறேன். இந்த இடத்துக்கு வருகிறவர்கள் சிற்பத்தின் முன்னால் படம் எடுத்துக்கொண்டு போய்விடுகிறார்கள். இதே வளாகத்தில் இருந்த விஞ்ஞானிகள்தான் 1945 ஜூனில் ஜேம்ஸ் ஃபிராங்க் தலைமையில் அறிக்கை எழுதி, முன்னறிவிப்பு இல்லாமல் ஜப்பான்மேல் குண்டு போடாதீர்கள் என்று அரசாங்கத்திடம் மன்றாடினார்கள். அடுத்த மாதம் லியோ சிலார்டு எழுதிய மனுவில் 70 பேர் கையெழுத்திட்டார்கள். செய்தவர்களே வேண்டாம் என்றார்கள், கேட்கத்தான் ஆளில்லை. நடந்து பார்க்கிறவர்கள் கையில் இருக்கும் தாளில் 3.25க்குப் பக்கத்தில் இந்த இரண்டு வரியும் கட்டாயம் இருக்க வேண்டும் என்பேன்.

சிற்பத்துக்குப் பக்கத்திலேயே தரையிலிருந்து கொப்புளம் போல எழும்பும் கண்ணாடிக் கூரை, மான்சுவேட்டோ நூலகம், 2011இல் திறந்தது. மேலே படிப்பறை, அடியில் ஐம்பது அடி ஆழத்துக்குப் புத்தகக் கிடங்கு, கேட்ட புத்தகத்தை இயந்திரக் கைகள் எடுத்துக் கொடுக்கின்றன. அதை ஒட்டி ரீகன்ஸ்டைன். தமிழ்ப் புத்தகங்களும் இங்கே ஏராளம். அவற்றில் ஒரு பங்கு எப்படி வந்தது தெரியுமா? பி.எல். 480 என்ற சட்டத்தின்கீழ் அமெரிக்கா நமக்கு ரூபாய்க்கு விற்ற கோதுமை என்றால் என் தலைமுறைக்கு உடனே ஞாபகம் வரும், ரேஷன் வரிசையில் நின்று வாங்கியவர்கள் நாங்கள். அந்தக் கோதுமைக்கு இந்தியா கொடுத்த ரூபாயில் ஒரு பகுதியைக் கொண்டு 1962 முதல் நம் நாட்டில் புத்தகங்களை வாங்கி அமெரிக்க நூலகங்களுக்கு அனுப்பினார்கள். நாங்கள் தின்ற கோதுமையின் விலையாகப் போன தமிழ்ப் புத்தகங்கள் அந்தச் சுவருக்குள் இருக்கின்றன என்று நினைத்தபோது கொஞ்ச நேரம் நகர முடியவில்லை.

வானியற்பியல் விஞ்ஞானி சந்திரசேகரையும் விட்டுவிட முடியாது. சென்னை மாநிலக் கல்லூரியில் படித்தவர், 1937இல் இந்தப் பல்கலைக்கழகத்தில் சேர்ந்து 1995இல் காலமாகும்வரை இதிலேயே இருந்தார், 1983இல் நோபல் பரிசு. இறந்துபோகும் நட்சத்திரத்தின் எடைக்கு ஓர் எல்லை உண்டு என்று அவர் கணக்குப் போட்டது பத்தொன்பது வயதில், கப்பலில். குறுந்தொகை ஒரு பக்கம், நட்சத்திரக் கணக்கு ஒரு பக்கம், இரண்டும் கொஞ்ச தூரத்துக்குள்.

நடைமுறைக்குச் சில வார்த்தைகள். மே முதல் அக்டோபர் வரை போங்கள், மற்ற மாதங்களில் காற்று எலும்புக்குள் புகுந்துவிடும். ஞாயிற்றுக்கிழமையைவிட வாரநாள் நல்லது, மாணவர்கள் இருந்தால்தான் அது பல்கலைக்கழகம். கட்டடங்களுக்குள் சில இடங்களில் அடையாள அட்டை இல்லாமல் விடமாட்டார்கள், முற்றங்களில் நடக்க அட்டை தேவையில்லை. முழங்கால் வலி உள்ளவர்கள் முற்றத்தில் உள்ள பெஞ்சுகளில் உட்கார்ந்து உட்கார்ந்து போகலாம், மூன்று மணி நேரம் வைத்துக்கொள்ளுங்கள். எல்லாவற்றையும் ஒரே நாளில் முடிக்கப் பார்க்காதீர்கள், நான் இரண்டாம் தடவையும் போனேன்.

இனி உங்களிடம் கேட்க வேண்டியது. பல்கலைக்கழகங்கள் தங்கள் வளாகத்துக்கு வரைபடம் போடுகின்றன, அதில் அவர்களுக்கு முக்கியமானது இருக்கும். நமக்கு முக்கியமானதை நாம்தான் எழுத வேண்டும். அங்கே படிக்கிற, வேலை பார்க்கிற தமிழ்ப் பிள்ளைகள் இருக்கிறார்கள். இந்த நிறுத்தங்களை ஒரு பக்கத் தாளாகத் தமிழில், பெரிய எழுத்தில் அவர்கள் எழுதிக் கொடுத்தால் உங்கள் வார இணைப்பில் வெளியிடுவீர்களா? சிகாகோவில் தொடங்கலாம், தமிழர்கள் நடமாடிய வேறு வளாகங்களுக்கும் ஒவ்வொன்றாகப் போகலாம். என் தாளில் ஒன்பது நிறுத்தங்கள் இருக்கின்றன, ஒன்றிலிருந்து ஒன்றுக்கு எந்தப் பக்கம் திரும்ப வேண்டும் என்பதும் எழுதியிருக்கிறேன். மடித்து மடித்துக் கொஞ்சம் கிழிந்துவிட்டது, இடம் தருவதாகச் சொன்னால் நல்ல தாளில் பிரதி எடுத்து அனுப்பி வைக்கிறேன்.

இப்படிக்கு,
உங்கள் நீண்ட நாள் வாசகி