சில்லு விளம்பரங்களில் யாருடைய அளவுகோல்?

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். கணினியின் மூளையாக இயங்கும் செயலிச் சில்லுகளைத் தரும் இன்டெல், ஏ.எம்.டி. ஆகிய நிறுவனங்களின் போட்டியைப் பற்றித் தங்கள் சென்ற இதழில் வந்த கட்டுரை, இவ்விரண்டும் ஒன்றையொன்று சாடி விளம்பரம் செய்வதால் வாங்குபவருக்கு உண்மை தெரிந்துவிடுகிறது என்ற கருத்தோடு முடிந்திருந்தது. போட்டியால் விலை குறைந்ததையும் செயலிகளின் திறன் வளர்ந்ததையும் நான் மறுக்கவில்லை. ஆனால், விளம்பரத்தால் உண்மை தெரிகிறது என்பதை ஏற்க இயலவில்லை. எந்த நிறுவனம் பின்தங்குகிறதோ அது அளவுகோலையே மாற்றிவிடும் என்பதுதான், இத்துறையின் விளம்பர வரலாற்றில் திரும்பத் திரும்பக் காணக் கிடைப்பது.

1981இல் ஐ.பி.எம். தன் தனிநபர் கணினிக்கு இன்டெல்லின் 8088 சில்லைத் தேர்ந்தெடுத்தபோது, அதே வகைச் சில்லைத் தயாரித்துத் தர இன்னொரு நிறுவனமும் வேண்டும் என்று வற்புறுத்தியது. அந்த இரண்டாம் இடத்தில்தான் 1982ஆம் ஆண்டு ஒப்பந்தத்தின்படி ஏ.எம்.டி. வந்து அமர்ந்தது. பின்னர் 286 சில்லை அடுத்து 386 சில்லு உருவானபோது, அதன் வடிவமைப்பை ஏ.எம்.டி.க்குத் தர இன்டெல் மறுத்துவிட்டது. 1989இல் இன்டெல் வெளியிட்ட விளம்பரம் ஒன்றில், ‘286’ என்ற எண்ணின் மீது சிவப்பு வண்ணத்தில் பெருக்கல் குறி போடப்பட்டிருந்தது. 286 அதன் சொந்தச் சில்லுதானே என்று கேட்கலாம். ஆனால் 286ஐ ஏ.எம்.டி.யும் விற்றுக்கொண்டிருந்தது, 386 அப்போது இன்டெல்லிடம் மட்டுமே இருந்தது. 1991இல் ஏ.எம்.டி. தன் சொந்த 386ஐக் கொண்டுவந்ததும், வெறும் எண்ணை வணிகக் குறியாக உரிமை கோர முடியாது என்று அமெரிக்க நீதிமன்றம் கூறியதும், அதே ஆண்டில் ‘இன்டெல் இன்சைடு’ என்ற விளம்பர முத்திரை பிறந்தது. எண்ணுக்குப் பதில் பென்டியம் என்ற பெயரோடு இன்டெல்லின் சில்லு வந்தது 1993இல். கணினி தயாரிப்பாளர்கள் தங்கள் விளம்பரத்தில் ‘இன்டெல் இன்சைடு’ முத்திரையைச் சேர்த்தால் விளம்பரச் செலவில் ஒரு பங்கை இன்டெல் ஈடுசெய்தது. கணினியைத் திறந்து பார்த்தால்கூட அடையாளம் தெரியாத ஒரு பாகத்தை, பொதுமக்கள் பெயர் சொல்லிக் கேட்டு வாங்கும் பொருளாக்கிய சாமர்த்தியத்தைப் பாராட்டத்தான் வேண்டும்.

அடுத்து வந்த அளவுகோல் கடிகார வேகம், அதாவது சில்லு நொடிக்கு எத்தனை முறை துடிக்கிறது என்பது. நொடிக்கு நூறு கோடித் துடிப்பு ஒரு கிகாஹெர்ட்ஸ், அதாவது ஆயிரம் மெகாஹெர்ட்ஸ். 2000ஆம் ஆண்டு மார்ச் 6 அன்று ஒரு கிகாஹெர்ட்ஸ் அத்லான் சில்லை ஏ.எம்.டி. அறிவித்தது, இரண்டே நாளில் இன்டெல்லும் ஒரு கிகாஹெர்ட்ஸ் பென்டியம் 3ஐ அறிவித்தது. இந்த அவசரத்தின் விலையாக, 1.13 கிகாஹெர்ட்ஸ் பென்டியம் 3 நிலையாக இயங்காததால் அவ்வாண்டு ஆகஸ்டில் திரும்பப் பெறப்பட்டது. நவம்பரில் வெளிவந்த பென்டியம் 4, கடிகார வேகத்தை உயர்த்துவதற்கென்றே வடிவமைக்கப்பட்டது. சிறுவன் இரண்டடி வைத்துக் கடக்கும் தூரத்தைப் பெரியவர் ஓரடியில் கடந்துவிடுவதைப் போல, ஒரு துடிப்பில் கூடுதலாக வேலை செய்யும் சில்லு குறைந்த கிகாஹெர்ட்ஸிலும் முந்திவிடும். ஆனால் விளம்பரத்தில் அடிகளின் எண்ணிக்கை மட்டுமே பெரிதாக அச்சானது. இதற்கு ஏ.எம்.டி. கண்ட மாற்று, 2001 அக்டோபரில் 1.53 கிகாஹெர்ட்ஸில் ஓடிய சில்லுக்கு அத்லான் எக்ஸ்பி 1800+ என்று பெயரிட்டது. அந்த எண் தன் பழைய அத்லானுடன் ஒப்பிட்டு வைத்தது என்று நிறுவனம் சொன்னாலும், கடைக்கு வந்தவர்கள் அதைப் பென்டியம் 4இன் மெகாஹெர்ட்ஸுக்கு நிகராகவே படித்தார்கள். அப்படிப் படிக்க வேண்டும் என்பதுதான் நோக்கமாகவும் இருந்திருக்கும்.

வெப்பம் தாங்காமல் 2004இல் நான்கு கிகாஹெர்ட்ஸ் பென்டியம் 4ஐ இன்டெல் கைவிட்டது. அதன் தலைமை நிர்வாகி கிரெய்க் பேரட் ஒரு மாநாட்டு மேடையில், பாதி விளையாட்டாக, மண்டியிட்டு மன்னிப்புக் கேட்டார். அதே ஆண்டில் இன்டெல்லும் கிகாஹெர்ட்ஸை விட்டுவிட்டு வேகத்தைச் சொல்லாத மாடல் எண்களைச் சூட்டத் தொடங்கியது.

ஏ.எம்.டி.யை இதில் அப்பாவியாகக் காட்டுவது என் நோக்கமன்று. 2005இல் இரட்டைக் கோர் (ஒரே சில்லுக்குள் தனித்தனியே கணக்கிடும் இரு பகுதிகள்) கொண்ட சர்வர் சில்லுகளை நேருக்கு நேர் சோதிக்க வருமாறு நாளிதழ்களில் முழுப்பக்க விளம்பரம் கொடுத்து இன்டெல்லை அது அழைத்தபோது, அளவுகோல் அதன் கையில் இருந்தது. 2011இல் புல்டோசர் வகைச் சில்லுகள் பின்தங்கியதும், ‘எட்டுக் கோர்’ என்ற எண்ணிக்கையே அதன் விளம்பரமாகியது. கோர்கள் இரண்டிரண்டாகச் சில பாகங்களைப் பகிர்ந்துகொண்டதால் அவற்றை எட்டு என்று எண்ணலாமா என வாங்கியவர்கள் வழக்குத் தொடர்ந்தனர், 2019இல் 1.21 கோடி டாலருக்கு ஏ.எம்.டி. சமரசம் செய்துகொண்டது.

பின்னர் ஏ.எம்.டி.யின் ரைசன் சில்லுகள் வந்தன. அப்போது தடுமாறும் முறை இன்டெல்லினுடையதானது. 2018 ஜூனில் தைப்பேக் கண்காட்சியில் 28 கோர்களும் 5 கிகாஹெர்ட்ஸில் ஓடுவதாக அது காட்டிய கணினிக்கு, மேசைக்கு அடியில் தொழிற்சாலை வகைக் குளிரூட்டும் எந்திரம் இணைக்கப்பட்டிருந்தது. அதே ஆண்டு அக்டோபரில் இன்டெல் பணம் கொடுத்துச் செய்வித்த ஒப்பீட்டில், போட்டியாளரின் எட்டுக் கோர் ரைசன் நான்கு கோர்கள் அணைக்கப்பட்ட நிலையில் ஓடியது. இது அம்பலமாகி, மறுசோதனை நடந்ததும் இன்டெல்லின் முன்னிலை சுருங்கியது. 2019இல் கட்டிய சில்லு வடிவமைப்பை 7000 வரிசைப் பெயரில் விற்கிறது என்று 2023 டிசம்பரில் ஏ.எம்.டி.யைச் சாடி இன்டெல் வெளியிட்ட குறிப்பைச் சொல்லத் தோன்றுகிறது. குற்றச்சாட்டில் உண்மை உண்டு. ஆனால் முந்தைய தலைமுறையிலிருந்து அதிகம் மாறாத சில்லுகளைப் பதினான்காம் தலைமுறை என்று இன்டெல் சந்தைக்கு அனுப்பி அப்போது இரண்டு மாதங்கள்தான் ஆகியிருந்தன.

இன்டெல் பல ஆண்டுகளாகப் பல சில்லுகளுக்குச் சூட்டிய ஒரே பெயர் ஐ7. எங்கள் ஊர்க் கடைகளில் ‘ஐ7 இருக்கிறதா’ என்று கேட்டு வாங்குவோர், அது எந்த ஆண்டின் ஐ7 என்று கேட்பதில்லை. முத்திரை செய்த வேலை அது.

விளம்பரத்துக்கு வெளியே நடந்ததையும் கட்டுரை தொடவில்லை. ஏ.எம்.டி. சில்லு கொண்ட கணினிகளைத் தாமதப்படுத்தவும் தவிர்க்கவும் தயாரிப்பாளர்களுக்கு இன்டெல் பணமும் தள்ளுபடியும் தந்ததாகக் கூறி, 2009இல் ஐரோப்பிய ஆணையம் 106 கோடி யூரோ அபராதம் விதித்தது. தள்ளுபடி பற்றிய பகுதியை நீதிமன்றம் 2022இல் ரத்து செய்ய, எஞ்சிய பகுதிக்காக 2023இல் ஏறத்தாழ 37.6 கோடி யூரோ மீண்டும் விதிக்கப்பட்டது. கடையில் எந்தக் கணினி இருக்கும் என்பதையே பணம் தீர்மானித்திருந்தால், இரு விளம்பரங்களையும் படித்து ஒப்பிடும் வாசகருக்கு என்ன பயன்?

ஆகவே தங்களிடம் ஒரு வேண்டுகோள். தங்கள் இதழின் தொழில்நுட்பப் பக்கங்களில் நிறுவனங்கள் தரும் ஒப்பீட்டுப் படங்களை அப்படியே வெளியிடும்போது, சோதனைக்குப் பணம் கொடுத்தவர் யார், நினைவகமும் குளிர்விப்பானும் எவை, எத்தனை வாட் மின்சாரத்தில் ஓடியது, எந்த ஆண்டின் சில்லு, இங்கே அதன் விலை என்ன என்பவற்றையும் படத்தின் எழுத்தளவிலேயே அச்சிடுங்கள். பொறுப்புத் துறப்பு வாசகம், விளம்பர உரிமைகோரலின் மொழியிலும் எழுத்திலுமே இருக்க வேண்டும் என்று இந்திய அரசின் 2022ஆம் ஆண்டு வழிகாட்டுதல்கள் விளம்பரதாரருக்குக் கூறுகின்றன. நிறுவனம் இந்த விவரங்களைத் தர மறுத்தால், அந்தப் படத்தை வெளியிடாமல் விட்டுவிடலாம்.

இப்படிக்கு,
தங்கள் வாசகர்,
கோயம்புத்தூர்