எலியில் கிடைத்த பலன் என்று தலைப்பிலேயே சொல்லுங்கள்

ஆசிரியருக்கு வணக்கம்.

மருந்தைச் சுமந்து செல்லும் மிகச் சிறிய பாலிமர் நானோ துகள்களைக் கொண்டு புற்றுநோய் இம்யூனோதெரபியை, அதாவது உடலின் நோய் எதிர்ப்புச் செல்களையே புற்றுநோய்க்கு எதிராகத் தூண்டும் சிகிச்சையை, மேம்படுத்துவது பற்றிய உங்கள் கட்டுரையைப் படித்தேன். நல்ல கட்டுரைதான். ஆனால் 'மருந்து கட்டிக்கு மட்டும் நேராகப் போய்ச் சேரும்' என்ற வரி சரியில்லை. பத்தாண்டு ஆய்வுகளை அலசிய டொரொன்டோ பல்கலைக்கழகக் குழு 2016-ல் வெளியிட்ட கணக்குப்படி, ரத்தத்தில் செலுத்திய துகள்களில் கட்டியை எட்டுவது 0.7 சதவீதம் அளவுக்குத்தான். அதுவும் எலிகளில். மீதியில் பெரும்பங்கைக் கல்லீரலும் மண்ணீரலும் பிடித்துக்கொள்கின்றன.

அப்படியானால் இந்த முயற்சியே வீணா? நிச்சயம் இல்லை. கீமோவில் மருந்து முடிந்தவரை எல்லாப் புற்றுச் செல்களையும் தொட வேண்டும். இம்யூனோதெரபியில் நோய் எதிர்ப்புச் செல்களை உசுப்பிவிட்டாலே மற்றதை அவை பார்த்துக்கொள்ள வாய்ப்புண்டு. உதாரணத்துக்கு, நோய் எதிர்ப்பை எழுப்பிவிடும் 'ஸ்டிங்' என்ற புரதத்தைத் தூண்டும் மருந்துகளை எடுத்துக்கொள்ளுங்கள். அந்தப் புரதம் இருப்பது செல்லுக்கு உள்ளே. மருந்து மூலக்கூறுக்கோ பெரும்பாலும் எதிர்மின் சுமை. செல் சவ்வு அதை எளிதில் உள்ளே விடாது, வெளியே நொதிகளும் அதைச் சிதைத்துவிடும். பாலிமர் துகளுக்குள் வைத்து அனுப்பினால் செல் அதை ஒரு சிறு பைக்குள் விழுங்கிக்கொள்ளும். பைக்குள் அமிலத்தன்மை ஏறும்போது பிரிந்துபோகும்படி வடிவமைத்த பாலிமர்கள், பையையும் உடைத்து மருந்தை வெளியே விடுகின்றன. எனக்குப் பெரும் வியப்பளிப்பது இதுதான். கட்டுரையில் இதற்கு ஒரு பத்தியாவது ஒதுக்கியிருக்கலாம்.

பாலிமர் என்றதும் உடலில் பிளாஸ்டிக் தங்கிவிடுமோ என்று பயப்படுபவர்களுக்காக ஒன்று: இத்துறையில் அதிகம் பயன்படும் பிஎல்ஜிஏ என்ற பாலிமர், தானாகக் கரையும் தையல் நூல்களிலும் உள்ளதுதான். உடலில் அது லாக்டிக் அமிலமாகவும் கிளைகாலிக் அமிலமாகவும் பிரிந்துவிடும்.

மருந்தை இப்படிப் பொதிந்து அனுப்புவதற்கு வலுவான காரணமும் உண்டு. 1990-களில், நோய் எதிர்ப்புச் செல்களைத் தூண்டும் இன்டர்லூகின்-12 என்ற புரதத்தை ரத்தத்தில் நேரடியாகச் செலுத்திய ஒரு மருத்துவப் பரிசோதனையில் இரண்டு நோயாளிகள் இறந்தார்கள். இன்று அதே புரதத்தைத் துகள்களில் ஏற்றி, புற்றுக்கட்டி இருக்கும் பகுதியிலேயே வேலை செய்ய வைக்க ஆய்வுகள் நடக்கின்றன. எலிகளில் பலன் தெரிகிறது.

அப்புறம், ஒரு வேண்டுகோள். நோய் எதிர்ப்புச் செல்களைத் தடுத்து நிறுத்தும் 'பிரேக்'குகளை விடுவிக்கலாம் என்று காட்டி, 2018-ல் நோபல் பரிசு பெற்றுத்தந்த கண்டுபிடிப்பிலிருந்து பிறந்த இம்யூனோதெரபி மருந்துகளே ஒரு பகுதி நோயாளிகளுக்குத்தான் பலன் தருகின்றன. பலன் கிடைக்காதவர்களின் குடும்பங்களும் உங்கள் பக்கத்தைப் படிக்கிறார்கள். செய்தி எலியைப் பற்றியதா, மனிதர்களைப் பற்றியதா, மனிதர்கள் என்றால் எத்தனையாவது கட்டப் பரிசோதனை என்பதைத் தலைப்பிலோ முதல் வரியிலோ போட்டுவிடுங்கள்.

இப்படிக்கு,
ஒரு வாசகி