அமெரிக்க உச்சரிப்பு ஒன்றல்ல

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

நம் ஊர் டியூஷன் வகுப்புகளில் ‘அமெரிக்க உச்சரிப்பு’ என்று ஒன்றைக் கற்றுத் தருகிறார்கள். அப்படி ஒரே உச்சரிப்பு அங்கே கிடையாது. தென் மாநிலங்களில் பலருக்கு ‘பின்’, ‘பென்’ இரண்டும் ஒரே ஒலி. அதனாலேயே பேனாவை ‘இங்க் பென்’ என்று கேட்பார்கள். பாஸ்டனின் பழைய பேச்சில் ‘கார்’ வெறும் ‘கா’.

ஊர் மாறினால் எல்லாமே மாறிவிடாது. பிலடெல்பியா அருகே கிங் ஆஃப் பிரஷ்யாவில் குடியேறிய குடும்பங்களின் பிள்ளைகளைப் பற்றி மொழியியலாளர் ஆர்வில்லா பெய்னின் ஆய்வு 1980இல் வெளிவந்தது. சிறு வயதில் வந்த பிள்ளைகள் எளிய உயிரொலி மாற்றங்களைச் சீக்கிரம் பிடித்துக்கொண்டார்கள். சிக்கல் வேறிடத்தில். பிலடெல்பியாக்காரர் ‘மேட்’ (mad), ‘பேட்’ (bad), ‘கிளேட்’ (glad) மூன்றிலும் நாக்கை உயர்த்தி உயிரொலியை இறுக்கிச் சொல்வார். சோகத்தைக் குறிக்கும் ‘சேட்’டில் (sad) இறுக்கமாட்டார். விதிக்கு அடங்காத இந்தப் பாகுபாடு, பெற்றோரும் அவ்வட்டாரத்தில் பிறந்தவர்களானால்தான் பிள்ளைகளிடம் சரியாகப் படிந்தது.

தோட்டப்புறத்திலிருந்து பட்டணத்துக்கு மாறிய நம் பிள்ளைகளின் பேச்சுக்கும் இதை எண்ணிப் பார்க்க வேண்டும். தோட்டத்துப் பேச்சு நாவில் தங்கினால் அது சோம்பலன்று. ஆங்கிலம் கற்பிப்போர், எந்த வட்டார உச்சரிப்பு என்பதை முதல் நாளே பெயர் சொல்லிவிடட்டும். மேற்சொன்ன சொற்களைக் கைப்பேசியில் பதிந்து, பிள்ளைகளையே கேட்டு ஒப்பிடச் செய்யட்டும்.

ஆங்கில ஆசிரியர்கள் சிலர்,
சுங்கை சிப்புட், மலேசியா