கண் இல்லாமல் வரைந்த கடவுள்: சமய வகுப்பு ஆசிரியர்களுக்கு ஒரு திறந்த மடல்

குழந்தைகளுக்குச் சமய வகுப்பு எடுக்கும் ஆசிரியர்களுக்கு,

வணக்கம். நான் முப்பது ஆண்டுகளுக்கும் மேலாக ஓவியம் வரைந்து வாழ்பவள். எந்தச் சமயத்தைச் சேர்ந்தவள் என்பதை இங்கே சொல்லவில்லை. நான் கேட்க வந்தது எல்லாச் சமய வகுப்புகளுக்கும் பொருந்தும்.

எனக்கு அப்போது ஐந்து வயது. வகுப்பில் கடவுளை வரையச் சொன்னார்கள். பெரிய வட்டம் ஒன்று போட்டேன். இரண்டு பக்கமும் காது வைத்தேன், தாளின் ஓரத்தைத் தொடும் அளவுக்குப் பெரிய காதுகள். கண், மூக்கு, வாய் எதுவும் இல்லை. ராத்திரி தூங்கவைக்கும்போது பாட்டி என்னிடம், "மெல்லச் சொன்னாலும் அவருக்குக் கேக்கும்" என்பாள். கடவுளைப் பற்றி எனக்கு உறுதியாகத் தெரிந்தது அது ஒன்றுதான். தெரிந்ததை வரைந்தேன்.

ஆசிரியர் கோபப்படவில்லை. "கண் இல்லாம எப்படிம்மா?" என்று கேட்டபடி, சிவப்புப் பேனாவால் இரண்டு கண்ணும் ஒரு சிரித்த வாயும் போட்டுத் தாளைத் திருப்பிக் கொடுத்தார். அன்போடுதான் செய்தார். நான் அழவும் இல்லை. அடுத்த முறை சுவரில் மாட்டியிருந்த படத்தைப் பார்த்து அப்படியே வரைந்தேன். பாராட்டினார்கள். அதற்கப்புறம் வெகுகாலம் பாராட்டுக் கிடைக்கும் படங்களையே வரைந்துகொண்டிருந்தேன்.

சிறு குழந்தை கண்ணால் பார்ப்பதை வரைவதில்லை, தனக்குத் தெரிந்ததை வரைகிறது. பிரெஞ்சு அறிஞர் லூக்கே தன் மகளின் படங்களை ஆண்டுக்கணக்கில் சேர்த்துவைத்து ஆராய்ந்து, 1913இல் வெளியிட்ட நூலிலிருந்தே இதைப் பேசிவந்தார். மூன்று நான்கு வயதில் வரையும் மனிதர்களுக்குத் தலையிலிருந்தே கால் முளைக்கும். வீட்டை வரைந்தால் சுவருக்குப் பின்னால் இருக்கும் கட்டிலும் தெரியும். அம்மா கதவைவிடப் பெரிதாக இருப்பாள். இவற்றைத் தப்பு என்று நாம் எண்ணுகிறோம். அந்தப் படத்தில் அளவு என்பது அளந்து போட்டது இல்லை. எது முக்கியமோ அது பெரிதாகும், அவ்வளவுதான்.

கடவுள் படங்களையும் ஆராய்ந்திருக்கிறார்கள். எர்ன்ஸ்ட் ஹார்ம்ஸ் என்பவர் மூன்று வயது முதல் பதினெட்டு வயது வரையிலான ஆயிரக்கணக்கான பிள்ளைகளிடம் கடவுளைக் கற்பனை செய்து வரையச் சொல்லி, 1944இல் தன் முடிவுகளை வெளியிட்டார். சிறு குழந்தைகளின் படங்களில் கடவுள் கதைகளில் வருபவர்போல வியப்பூட்டுபவராக இருந்தார். ஏறக்குறைய ஏழு வயதுக்கு மேல் அந்தந்தச் சமயம் கற்றுத்தந்த சின்னங்களும் மனித உருவங்களும் வந்தன. பதின்வயதில் சிலர் திரும்பவும் தமக்கே உரிய வழியில் வரைந்தார்கள். அந்தக் கடைசிக் கட்டம் எனக்கு மிகத் தாமதமாக வந்தது.

இருபது வயதுக்குள் என் கை நன்றாகப் பழகிவிட்டது. துணியின் மடிப்பு, நகத்தின் பளபளப்பு, கண்ணின் ஈரம் எல்லாம் வரும். வழிபாட்டுக்கான படங்களும் கேட்டு வாங்கிப் போனார்கள். அவற்றின் முன்னால் மக்கள் கைகூப்பி நின்றதைப் பார்த்திருக்கிறேன். என்னால் மட்டும் கூப்ப முடியவில்லை. நம்பிக்கை எந்த நாளில் போனது என்று தெரியாது. இல்லை என்பதை ஒருநாள் கவனித்தேன்.

அப்புறம் அம்மா நோயில் விழுந்தாள். மருத்துவமனைத் தாழ்வாரத்தில் பல இரவுகள் உட்கார்ந்திருந்தேன். பிரார்த்தனை செய்ய வார்த்தை வரவில்லை. கையில் இருந்த காகிதத்தில் ஏதேதோ கிறுக்கினேன். எல்லாமே வளைவுகள். சங்கு, கிண்ணம், பாதி திறந்த கதவு, எதையோ வாங்கிக்கொள்ளக் குவித்த உள்ளங்கை. அம்மா போன பிறகும் அதே வடிவங்கள்தான் வந்தன. பத்து ஆண்டுகள் அவற்றையே வரைந்தேன். ஏன் இப்படி என்று பலர் கேட்டார்கள். எனக்குப் பதில் தெரியவில்லை.

அப்பாவின் பழைய பெட்டியைக் காலி செய்தபோது தெரிந்தது. அடியில் நான்காக மடித்து அந்தத் தாள் இருந்தது. சிவப்புக் கண்ணும் சிவப்பு வாயும் நன்றாகத் தெரிந்தன. பென்சிலில் நான் போட்ட காதுகள் மங்கிப்போயிருந்தன. என் சங்கும் கிண்ணமும் அந்தக் காதின் வளைவுதான். பத்து ஆண்டுகளாக, நான் சொல்வதை ஒருவர் காதுகொடுத்துக் கேட்பதைத்தான் வரைந்துகொண்டிருந்திருக்கிறேன். தாளைக் கையில் வைத்துக்கொண்டு தரையிலேயே உட்கார்ந்துவிட்டேன். அன்றைக்குத்தான் பல வருஷம் கழித்து என் வாயிலிருந்து ஒரு பிரார்த்தனை வந்தது. மெல்லத்தான் சொன்னேன்.

ஓவியர் பால் க்ளேயைப் பற்றி அதற்குப் பிறகுதான் ஊன்றிப் படித்தேன். அவர் 1911இல் தன் படைப்புகளுக்குப் பட்டியல் போடத் தொடங்கியபோது, சிறுவயதில் வரைந்த சில படங்களையும் அதில் சேர்த்தார். கலைப் பயிற்சிக் காலத்தில் வரைந்தவற்றில் பெரும்பாலானவற்றை விட்டுவிட்டார். 1939இல், தோலை இறுக்கும் கடும் நோயில் இருந்த அவர், அந்த ஓர் ஆண்டில் மட்டும் 1,200க்கும் மேற்பட்ட படைப்புகளைச் செய்தார். வானதூதர்களின் படங்கள் பல அந்தக் கடைசிக் காலத்தவைதான். ஒரு குழந்தை இழுத்ததுபோன்ற சில கோடுகள், முழுமையடையாத சிறகுகள். அவற்றில் ஒன்றின் பெயர் 'மறதிக்காரத் தூதர்'. அந்தக் கோடுகளைப் பார்க்கும்போது எனக்குப் பேச்சு வருவதில்லை.

சரி, உங்களிடம் நான் கேட்பது இதுதான். குழந்தையின் படத்தின் மேல் உங்கள் பேனா படவேண்டாம். "இது என்ன?" என்று கேட்டால் குழந்தை ஏதோ தப்புச் செய்துவிட்டதாகப் பயப்படும். "இதைப் பத்திச் சொல்லேன்" என்று கேளுங்கள். சொல்வதை அதே வார்த்தைகளில், தேதியோடு, தாளின் பின்பக்கத்தில் எழுதிவையுங்கள். என் தாளின் பின்பக்கம் வெறுமையாக இருக்கிறது. பாட்டி சொன்னதை அங்கே யாராவது எழுதியிருந்தால் நான் இவ்வளவு தூரம் சுற்றி வந்திருக்க வேண்டாம் என்று சில சமயம் தோன்றும்.

கடவுளுக்கு உருவம் கூடாது என்று சொல்லும் சமயங்கள் உண்டு. அங்கே கடவுளை வரையச் சொல்ல வேண்டாம். பிரார்த்தனை செய்யும்போது உனக்கு எப்படி இருக்கிறது என்று கேட்டு, அதை வரைய விடுங்கள். நிறங்கள் மட்டும் வந்தாலும் போதும்.

மரபு வகுத்த உருவங்களை நான் குறைவாக நினைக்கவில்லை. அவற்றை வரைந்துதான் நான் சாப்பிட்டேன். எட்டு ஒன்பது வயதில் பிள்ளைகளே "இது நிஜம் மாதிரி இல்லையே" என்று வந்து நிற்பார்கள். அப்போது கற்றுக்கொடுங்கள், நன்றாகவே கற்றுக்கொடுங்கள். ஐந்து வயதில் அவசரப்பட வேண்டாம். சுவரில் இருக்கும் படத்தைக் காட்டுவதற்கு முன்னால் ஒரே ஒரு தடவையாவது, எதையும் பார்க்காமல் அந்தக் குழந்தை வரையட்டும்.

என் தாளைச் சட்டம் போட்டு, வேலை செய்யும் மேசைக்கு எதிரே மாட்டியிருக்கிறேன். சிவப்பு மையை அழிக்க வழி இருக்கிறது என்று ஒருவர் சொன்னார். வேண்டாம் என்றுவிட்டேன். அந்த ஆசிரியரும் எனக்குக் கடவுளைக் காட்டத்தான் முயன்றார். தாள் பழுப்பேறிக் காதுகளின் பென்சில் கோடு மறைந்துவிடாமல் இருக்க, வெயில் படாத சுவராகப் பார்த்து மாட்டினேன்.

அன்புடன்,
ஓர் ஓவியர்